எண்ணெய்த் தலையும் பூசணித் தலையும்

என் தலை தீபாவளியன்று விடியற்காலையில், உச்சந்தலையிலிருந்து நல்லெண்ணெய் சொட்டச் சொட்ட, ஒரு பூசணிக்காய்க்காக நான் மாமனார் வீட்டின் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியேறினேன். அது நிஜப் பூசணிக்காய்கூட இல்லை. அதைச் சமைக்க முடியாது, உடைக்க முடியாது, தொட்டுப் பார்க்கவும் முடியாது. கணினித் திரையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, ஆரஞ்சு நிறத்தில் தெரியும், அவ்வளவுதான். அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. (இருபத்தெட்டு வயதில் சிலர் கலெக்டராக இருந்திருக்கிறார்கள். விசாரித்துவிட்டேன்.)

மறைமலைநகரில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. தலைமுடியின் பருமனில் பாதி பிசகினாலும் அந்த இரும்புத் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன். அளவில் தப்பு கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சிரிப்பதற்கு உதவும்.

சாயங்காலம் கம்பெனி பஸ் எங்களைச் செங்கல்பட்டில் இறக்கிவிடும். இறங்கும் இடத்துக்கு எதிரிலேயே ஒரு பிரவுசிங் சென்டர். பலகைத் தடுப்புகள், கழுத்து சுளுக்கிய மேஜை மின்விசிறி, முந்தைய ஆளின் காதுச் சூடு ஆறாத ஹெட்போன். ஒரு டிசம்பர் மாதம், மின்னஞ்சல் பார்க்கப் போய் உட்கார்ந்தபோது, எனக்கு முன்னால் இருந்தவர் மூடாமல் விட்டுப்போன திரையில் பனி பெய்துகொண்டிருந்தது.

பனி என்றால் எனக்குத் தெரிந்தது, மார்கழி மாதம் அம்மா காதில் மஃப்ளர் கட்டச் சொல்லும் பனிதான். இது வேறு. வெள்ளை வெள்ளையாக, அவசரமே இல்லாமல், ஒரு நாற்சந்தியின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் விளக்கு கட்டிய ஒரு மரம். அதைச் சுற்றிச் சின்னச் சின்ன மனித உருவங்கள், தலையில் மான்கொம்பு வைத்த சிவப்புக் குல்லாயோடு நின்றிருந்தன. பொம்மைகள் என்றே நினைத்தேன். சும்மா 'ஹலோ' என்று தட்டினேன். ஒரு பொம்மை திரும்பி என்னைப் பார்த்து, 'ஹலோ. உனக்குக் குல்லாய் கிடைத்ததா?' என்று கேட்டது.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு பொம்மைக்குப் பின்னாலும் ஒரு ஆள் இருக்கிறான். எங்கோ ஒரு நாட்டில், எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இதே மரத்தை இதே நொடியில் பார்த்துக்கொண்டிருக்கிறான். செங்கல்பட்டில் மின்விசிறிக் காற்று போதாமல் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்த நான், உலகத்தோடு சேர்ந்து பனியில் நின்றேன். மின்னஞ்சலை மறந்தே போனேன். (அதில் ஒரு வேலைக்கான அழைப்பு இருந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் பார்த்தேன்.)

அந்த விளையாட்டின் பெயர் வேண்டாம். இப்போது அது இல்லை. போனவர்களைப் பற்றி என்னத்தைச் சொல்வது. ஊர்சுற்றலாம், மீன் பிடிக்கலாம், பூதங்களை அடிக்கலாம். ஆனால் உயிரை வாங்கியது அதன் பண்டிகைகள்தான். ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு பொருள் தருவார்கள். அந்த நாளில் அங்கே இருந்தவனுக்கு மட்டும்தான் கிடைக்கும், மறு வருஷம் அதே பொருள் வராது. கிறிஸ்துமஸுக்கு மான்கொம்புக் குல்லாய். ஈஸ்டருக்கு முயல்காது. எங்கள் வீட்டில் நான் கடைக்குட்டி. அதுவரை எனக்கென்றே புதிதாக வந்தது என்று எதுவும் கிடையாது, சட்டைகூட அண்ணன் போட்டுச் சலித்ததுதான். உலகத்தில் வெகு சிலரிடம் மட்டும் இருக்கிற ஒன்று என்னிடமும் இருக்கிறது என்ற எண்ணமே எனக்கு மயக்கம் தந்தது.

விளையாட்டில் என் பெயர் 'கழுகு'. சின்ன வயதில் எங்களைத் திருக்கழுக்குன்றம் மலைமேல் கூட்டிப்போய், உச்சிவேளையில் சோறு உண்ண வரும் கழுகுகளுக்காக நிற்கவைப்பார்கள். ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். சில நாள் வரும். பல நாள் வராது. அப்புறம் வருவதே நின்றுபோயிற்று, ஆனாலும் ஜனங்கள் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தவில்லை. வானத்திலிருந்து ஏதாவது வரும் என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்பதில் எனக்கு ஆரம்பப் பயிற்சி அங்கேதான்.

அங்கே எனக்கு ஒரு சிநேகிதமும் வாய்த்தது. 'பனிநரி' என்று பொருள்படும் பெயர், இடுப்பில் ஒரு நரிவால். பின்லாந்து என்றது. ஆணா பெண்ணா, கிழமா குமரா என்று கடைசிவரை தெரியாது. முயல் எப்படி முட்டை போடும் என்று ஈஸ்டர் சமயத்தில் அதனிடம் கேட்டேன். 'நாங்கள் அதைப் பற்றி யோசித்ததில்லை' என்று பதில் வந்தது. பதிலுக்கு நான் நரகாசுரன் கதையைச் சொன்னேன். பெற்ற தாயே பிள்ளையைக் கொன்றாள், அவனே தன் சாவைக் கொண்டாடச் சொன்னான், ஆகவே நாங்கள் குளிக்கிறோம் என்று தட்டியபோது, 'வெந்நீரிலா?' என்று மட்டும் கேட்டது. இப்படித்தான் நாங்கள் ஒருவர் பண்டிகையை ஒருவர் மதிக்கக் கற்றுக்கொண்டோம்.

அந்த ஆவணியில் எனக்குக் கல்யாணம். பெண் மாமல்லபுரம். பெயர் கவிதா. மாமனார் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். அவர் வீட்டு டிவி மேல் பூங்கொத்து இருக்காது, ஒரு உலக உருண்டை இருக்கும். சாயங்காலம் நான் பிரவுசிங் சென்டரில் இருந்துவிட்டு வருவதை 'கம்பெனி விஷயம்' என்று கவிதாவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அக்டோபரில் அறிவிப்பு வந்தது. மேல்நாட்டில் அந்த மாதக் கடைசி நாளில் பேய்களுக்கு ஒரு பண்டிகையாம். அதற்குப் பூசணித் தலை. பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கு வைத்தது. படத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இது எனக்குத் தெரிந்த முகம். ஜி.எஸ்.டி. ரோடு நெடுக, பூச்சு வேலை முடியாத ஒவ்வொரு வீட்டின் நெற்றியிலும் முழி பிதுங்க, மீசை முறுக்கித் தொங்குகிறதே, அதே முகம். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு கூட்டத்து ஜனங்கள், உலகத்தின் இரண்டு மூலையில் உட்கார்ந்து, கெட்டதை விரட்டுவதற்கு எத்தனையோ காய்கறிகள் இருக்க, பூசணிக்காய்க்குப் போய்ப் பல் வரைந்திருக்கிறார்கள். இதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று பரபரத்தேன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சொன்னேன். அவர் வேறு சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

அந்தப் பூசணித் தலைகள், விளையாட்டை நடத்துகிறவர்களின் ஊர்க் கணக்கில் மாதக் கடைசி நாள் நள்ளிரவு மணி அடிக்கும்போது, நாற்சந்தியில் வானத்திலிருந்து விழும். எடுத்தவனுக்குச் சொந்தம். அவர்கள் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் நாலரை மணி வித்தியாசம். ஈஸ்டர் முதல் போட்டு வைத்த கணக்கு, ஒருநாளும் பிசகியதில்லை. ஆக, நமக்கு விடிகாலை நாலரை. நாள்காட்டியைப் பார்த்தேன். அந்த விடிகாலை எங்கள் தீபாவளி. அதுவும் தலை தீபாவளி.

தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டில் புது மாப்பிள்ளை என்பவன் ஒரு பூட்டின் சாவி மாதிரி. அவன் தலையில் எண்ணெய் வைத்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, முதல் வெடியைக் கொளுத்தாமல் அந்த வீட்டில் யாரும் குளிக்க முடியாது, பட்சணத்தைத் தொட முடியாது. கவிதா பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள்.

"எங்கப்பாவுக்கு நீங்க எப்பிடிப்பட்ட ஆளுன்னு இன்னும் புடிபடல. இந்த ஒரு நாள் அவர்கிட்ட நல்ல பேர் வாங்கிடுங்க. வேற எதுவும் நா கேக்க மாட்டேன்."

"ஒரு நாள்தானே" என்றேன்.

போன அன்று சாயங்காலமே, ஊரைப் பார்க்கிற சாக்கில், வெள்ளைக்காரர்கள் தங்குகிற தெருவில் ஒரு பிரவுசிங் சென்டரைக் கண்டுபிடித்துவிட்டேன். கடைக்காரர் ரஹீம் பாய். வீடு கடைக்கு மேலேயே. இன்னார் வீட்டு மாப்பிள்ளை என்று சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நாளைக்கு விடியக்காலம் நாலரைக்குக் கடை திறக்க முடியுமா பாய்?"

"நோம்பு நாளு. சஹர் சாப்பாட்டுக்கு எழுந்துக்கினுதான் இருப்பேன். ஆனா தீபாளி அதுவுமா இன்னா வேல மாப்ள?"

"கொஞ்சம் அவசரம். வெளிநாட்டு விஷயம்."

"துபாயா?"

"இல்ல. பின்லாந்து." (பொய் இல்லை.)

அவர் கண்ணில் மரியாதை ஏறுவதை நேரிலேயே பார்த்தேன். "இன்டர்வியூவா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் ஆமாம் என்றும் இல்லையென்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய வகையில் தலையை ஆட்டினேன். "அல்லா லேசாக்குவான், வாங்க" என்றார்.

தீபாவளி விடிகாலை. வெளியே ஐப்பசி மழை. மணையில் உட்காரவைத்து, மாமியார் என் தலையில் எண்ணெய் வைத்தார். பிறகு கவிதா கைநிறைய ஊற்றித் தேய்த்தாள். காது வழியாக, கழுத்து வழியாக எண்ணெய் இறங்கி ஓடியது. என் அதிர்ஷ்டம், விறகு மழையில் நனைந்து வெந்நீர் அடுப்பு பிடிக்கவில்லை.

"எண்ணெ வெச்ச தலையோட வாசப்படி தாண்டக் கூடாது மாப்ள. உள்ளயே உக்காந்திருங்க, இதோ காஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு மாமியார் ஊதுகுழலோடு அடுப்படிக்குப் போனார்.

நான் வாசப்படியைத் தாண்டவில்லை. கொல்லைப்படியைத் தாண்டினேன்.

"கவிதா, எண்ணெ ஊறட்டும். செத்த காத்தாட நின்னுட்டு வந்துடறேன்."

"மழையிலயா?"

"தூறல்தான்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி போங்க. ஆனா வரும்போது பாக்கு போட்டுக்கிட்டு வாங்க. அப்பாவுக்கு வாசன தெரிஞ்சுடும்" என்றாள். பாக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நான் திருட்டுத்தனமாக சிகரெட் பிடிக்கப் போகிறேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பழைய வேட்டி, தோளில் துண்டு, தலையில் அரைக்கால் படி எண்ணெய். ரஹீம் பாய் ஷட்டரைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இன்டர்வியூக்கு இப்பிடியேவா மாப்ள?"

"முகம் தெரியாது பாய்."

"அப்ப செரி. மௌஸ்ல மட்டும் எண்ணெ படாம பாத்துக்கோங்க. உள்ள உருண்டை கீது, வழுக்கினா நவுறாது."

உள்ளே போனேன். நாற்சந்தி இருட்டாக இருந்தது. மணிக்கூண்டைப் பார்த்தேன். பதினொன்று.

பன்னிரண்டு இல்லை. பதினொன்று.

பனிநரி அங்கேதான் நின்றிருந்தது. 'மணிக்கூண்டு பழுதா?' என்று கேட்டேன்.

'இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தோமே.'

'எதற்கு?'

'குளிர்காலம் வருகிறது.'

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பிரமிப்புதான் வந்தது. குளிர்காலம் வருகிறது என்பதற்காக, ஒரு தேசமே ராத்திரி எழுந்து நேரத்தைத் திருப்பி வைக்கிறது, சூரியனும் ஒன்றும் சொல்லாமல் ஒத்துக்கொள்கிறது. எங்கள் கம்பெனியில் சைரன் ஒரு நிமிஷம் முன்னால் ஊதினாலே யூனியன் கூடிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரம் இடம் மாறும் என்பது, முடியளவு பிசகைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என் கணக்கில் மொத்தமாக ஒரு மணி நேரம் பிசகு. பூசணி விழ இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அங்கே வீட்டில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது.

எழுந்துவிட்டேன். சத்தியமாக எழுந்துவிட்டேன். அப்போதுதான் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது, ரஹீம் பாய் குல்லாயைச் சரிசெய்துகொண்டு மாடியிலிருந்து இறங்கினார்.

"மாப்ள, நா தொழுவ போணும். கடைய தெறந்து போட்டுட்டுப் போவ முடியாது. வேல முடிஞ்சுதா, இன்னும் கீதா?"

திரையைத் திரும்பிப் பார்த்தேன். நாற்சந்திக்குள் நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். கையில் ஆளுக்கொரு விளக்கு. மலைப்பாதையில் வரிசையாக, கோயில் திருவிழாவுக்கு இறங்குகிற மாதிரி, புள்ளி புள்ளியாக வெளிச்சம். இத்தனை பேரை நான் அங்கே ஒருநாளும் பார்த்ததில்லை.

"இன்னும் இருக்கு பாய்" என்றேன்.

"அப்ப உள்ளயே இருங்க. ஷட்டர இழுத்துப் பூட்டிகினு போறேன். தொழுதுட்டு ஓடியாந்துர்றேன்."

கடகடவென்று ஷட்டர் இறங்கியது. பூட்டு விழுந்தது.

நான் இல்லாத நேரத்தில் வீட்டில் நடந்ததெல்லாம் எனக்குப் பிற்பாடு பல தடவை, பல குரல்களில் நடித்தே காட்டப்பட்டிருக்கிறது. வெந்நீர் காய்ந்தது. மாப்பிள்ளை எங்கே என்று மாமியார் கேட்டார். "பாத்ரூம் போயிருக்காரு" என்று கவிதா சமாளித்தாள். சிகரெட் எவ்வளவு நேரம் எரியும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. அதுவும் என் கணக்கைப் போலவே பொய்த்தது. நேரம் ஆக ஆக மாமியாருக்குக் கவலை வந்துவிட்டது. முந்தின நாள் அவர் சுட்ட வடையை நான் கணக்கில்லாமல் தின்றிருந்தேன். தீபாவளி லேகியத்தை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, குடை பிடித்து, கொல்லையில் இருந்த கழிவறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

"மாப்ள, வெக்கப்படாதீங்க. எல்லாருக்கும் வர்றதுதான். கதவ லேசாத் தெறந்து கைய மட்டும் நீட்டுங்க, லேகியம் தர்றேன்."

பதில் இல்லை. மழையில் ஊறி உப்பிய மரக்கதவு, உள்ளே தாழ் போட்ட மாதிரியே இறுகிக் கிடந்தது. மாமனாரும் வந்தார்.

"மாப்ள, பேச முடியலைன்னா பரவால்ல. ஒரு தடவ இருமிக் காட்டுங்க, போதும்."

காலியாக இருந்த கழிவறை என் சார்பில் இருமவில்லை. மயங்கி விழுந்துவிட்டான் என்று முடிவுசெய்து, மாமனார் தோளைக் கொடுத்து இடித்தார். கதவு சட்டத்தோடு பெயர்ந்தது. உள்ளே ஒரு வாளி மட்டும் இருந்தது.

கவிதா அழுதுகொண்டே, வெளியே போய் ஒரு மணி நேரம் ஆகிறது என்ற உண்மையைச் சொன்னாள். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. அந்த ஒற்றையடிப் பாதை நேராகக் கடலுக்குப் போகும். முந்தின வருஷம்தான் அந்தக் கடல் ஊருக்குள் வந்து போயிருந்தது. அந்த ஊரில் யாரும் அப்போது 'கடல் பக்கம்' என்ற வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள். என் மாமனாருக்கு நீச்சல் தெரியாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு, மழையில் கடற்கரையைப் பார்த்து ஓடினார். இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் எங்கள் வீட்டில் யாரும் நடித்துக் காட்ட மாட்டார்கள்.

பூட்டிய கடைக்குள் எனக்கு இது எதுவும் தெரியாது. மழை சட்டென்று விட்டது. விட்டதும் ஊர் முழுக்க, அதுவரை கொளுத்த முடியாமல் வைத்திருந்த சரங்கள் ஒரேயடியாக வெடிக்க ஆரம்பித்தன. ஷட்டர் அதிர்ந்தது.

'இங்கே வெளியே வெடிச்சத்தம்' என்று தட்டினேன்.

'போரா?' என்றது பனிநரி.

'பண்டிகை. அந்த அசுரன் கதை சொன்னேனே, அது இன்றைக்குத்தான். எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள்.'

'நீ குளித்துவிட்டாயா?'

'எண்ணெய் வரைக்கும் ஆயிற்று.'

'அப்படியானால் இங்கே ஏன் நிற்கிறாய்?'

காதோரம் இறங்கிய எண்ணெயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.

மணிக்கூண்டு அடிக்கத் தொடங்கியது. நாற்சந்தியில் கசகசவென்று பேசிக்கொண்டிருந்த கூட்டம் அடங்கியது. யாரும் ஒரு எழுத்து தட்டவில்லை. பாதிப் பேர் ராத்திரியில், மீதிப் பேர் பகலில், இன்னும் சிலர் இரண்டுக்கும் நடுவில். உலகத்தின் எல்லா நேரங்களும் அந்தச் சின்ன நாற்சந்தியில் ஒன்றாக நின்று அண்ணாந்து பார்த்தன. எனக்குத் திருக்கழுக்குன்றத்து மலையுச்சி ஞாபகம் வந்தது. கடைசி மணியில் வானம் ஆரஞ்சாகியது. பூசணிகள் இறங்கின. பனியைப் போலவே, அவசரமில்லாமல், ஒவ்வொன்றுக்குள்ளும் விளக்கு எரிய, சிரித்துக்கொண்டே இறங்கின. வெளியே ஒரு ராக்கெட் சீறிப் போய் வெடித்தது. எந்த வெளிச்சம் எந்த உலகத்தில் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. (எண்ணெயும் இறங்கியிருந்தது. இரண்டும் கலந்துதான்.)

ஒரு பூசணி என் காலடியிலேயே விழுந்தது. மௌஸை நகர்த்தினேன். நகரவில்லை. ரஹீம் பாய் சொன்னபடியே உள்ளே உருண்டை வழுக்கியது. துண்டால் துடைத்தேன், துண்டிலும் எண்ணெய். வேட்டியில் துடைத்தேன், வேட்டியிலும் எண்ணெய். எனக்குப் பக்கத்தில் நின்ற யாரோ என் காலடியில் குனிந்து அந்தப் பூசணியை எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் நாற்சந்தி துடைத்துவிட்ட மாதிரி காலியாகிவிட்டது. ஒரு வருஷத்து ஆசை, ஒரு வீட்டின் தலை தீபாவளி, இரண்டையும் பணயம் வைத்து வந்தவன், வெறுந்தலையோடு நின்றேன்.

பனிநரி என் முன்னால் வந்து நின்றது. அதன் தலையில் ஒரு பூசணி. கையில் இன்னொன்று. கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தது.

'எடுத்துக்கொள். உன் பண்டிகைக்கு.'

அந்தப் பூசணிக்கு விலையாக அது எதைக் கேட்டிருந்தாலும் அங்கே யாரும் கொடுத்திருப்பார்கள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத ஒரு ஜீவன், பனி கொட்டும் ஏதோ ஊரில், ராத்திரியில் கண்விழித்து, என் தீபாவளிக்குச் சீர் செய்தது. மௌஸைத் தலைகீழாகக் கவிழ்த்து, உருண்டையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி, எப்படியோ போய்ச் சேர்ந்தேன். எடுத்துத் தலையில் மாட்டினேன்.

சரியாக அதே சமயத்தில், பள்ளிவாசலிலிருந்து திரும்பிய ரஹீம் பாய், டார்ச்சோடு ஓடிவந்த என் மாமனாரைத் தெருமுனையில் பார்த்திருக்கிறார்.

"சார், எங்க இப்பிடி ஓடறீங்க?"

"மாப்பிள்ளையக் காணோம் பாய்."

"காணோமா? நாந்தான கடையில வெச்சுப் பூட்டிகினு வந்தேன்."

மாமனார் அங்கேயே ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டாராம். பாய் அவரைத் தேற்றும் எண்ணத்தில், "பயப்படாதீங்க சார். ஃபாரின்காரங்களோட இன்டர்வியூ பேசிகினு கீறாரு. பின்லாந்துல வேல. வூட்ல ஷாக்கா சொல்லலாம்னு வெச்சிருந்தாரோ இன்னாவோ" என்றிருக்கிறார்.

மாமனார் எழுந்தார். பின்னாலேயே குடைகளோடு வந்து சேர்ந்த மாமியார், கவிதா, அக்கம்பக்கத்தார் எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். கோபம் முழுக்க வடிந்து, அந்த முகத்தில் முதன்முதலாக என்னைப் பற்றி ஒரு பெருமை தெரிந்ததாம்.

"பின்லாந்து" என்றார். "தலைநகரம் ஹெல்சிங்கி."

அந்தப் பெருமையோடுதான் மொத்த ஊர்வலமும் கடைக்கு வந்தது.

ஷட்டர் ஏறியது. முதலில் வரிசையாகக் கால்கள் தெரிந்தன. பிறகு குடைகள். பிறகு முகங்கள். நான் கையில் கவிழ்த்த மௌஸோடு, எண்ணெய் வழிய, கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். மாமனார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையை நெருங்கிக் குனிந்தார்.

"இதுல எது பின்லாந்து?"

"அந்த நரிவால் வெச்சிருக்கறது மாமா."

"நீங்க?"

"பக்கத்துல. பூசணிக்காய்."

நெடுநேரம் பார்த்தார். "சம்பளம்?" என்றார், கடைசி நம்பிக்கையாக.

"வேல இல்ல மாமா. வெளயாட்டு."

மாமியார்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். லேகியக் கிண்ணம் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. "மொதல்ல இத வாயில போடுங்க மாப்ள" என்றார். போட்டுக்கொண்டேன். கவிதா என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "சிகரெட்டுன்னு நெனச்சேன். சிகரெட்டா இருந்திருந்தா மரியாதையாவது மிஞ்சியிருக்கும்."

திரும்பி நடக்கும்போது, ஏன் இவ்வளவு நேரமாயிற்று என்று மாமனார் கேட்டார். கடிகாரம் திருப்பிய கதையைச் சொன்னேன். நடையை நிறுத்திவிட்டார்.

"அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை திருப்பி வெப்பாங்க மாப்ள. எட்டாங் கிளாஸ் பிள்ளைங்களுக்கு நா வருஷா வருஷம் சொல்றேனே" என்றார். நான் ஓடிப்போனதைவிட இதுதான் அவரை அதிகம் வருத்தியது என்று குரலிலேயே தெரிந்தது. பிறகு, நன்றாக விடிந்தபின் குளித்து, புதுவேட்டி கட்டி, நான் முதல் வெடியைக் கொளுத்தி, ஊரில் கடைசியாக எங்கள் வீட்டில் தீபாவளி பிறந்தது. தீபாவளிச் சீராக எனக்கு வாங்கி வைத்திருந்தது ஒரு கைக்கடிகாரம். அதை அவரே என் கையில் கட்டிவிட்டு, "இது நம்மூர் நேரத்த மட்டுந்தான் காட்டும்" என்றார்.

அந்த விளையாட்டைச் சில வருஷங்களில் மூடிவிட்டார்கள். மான்கொம்பு, முயல்காது, பூசணித் தலை எல்லாம் அதோடு போயின. பனிநரியிடம் சரியாக விடைபெறக்கூட இல்லை. இப்போதும் தீபாவளி விடிகாலையில் எண்ணெய் வைக்க உட்கார்ந்தால், அங்கே இப்போது மணி என்ன இருக்கும் என்று மனசு கணக்குப் போடுகிறது; சரியாகவே போடுகிறது. எழுந்து கழிவறைக்குப் போனால், குழந்தைகள் கதவுக்கு வெளியே நின்று "அப்பா, ஒரு தடவ இருமிக் காட்டுங்க" என்கிறார்கள். மற்றவர்களுக்கு நெல்லிக்காய் அளவு லேகியம் என்றால் எனக்கு எலுமிச்சை அளவு. ரஹீம் பாய் கடையை விற்றுவிட்டுத் துணிக்கடை வைத்துவிட்டார். பார்க்கும்போதெல்லாம் பின்லாந்தில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பார்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததைத்தான் கவிதா கடைசியாகச் சொல்லி முடிப்பாள். தலை தீபாவளித் தம்பதிக்குத் திருஷ்டி சுற்றிப் போட, மாமியார் முன்னாலேயே ஒரு நல்ல வெள்ளைப் பூசணிக்காய் வாங்கி வைத்திருந்தார். எங்கள் இருவரையும் கிழக்குப் பார்த்து நிற்கவைத்து, பூசணியைக் கையில் எடுத்தார், கற்பூரத்தையும் எடுத்தார். பிறகு என்னை ஒரு தரம் மேலும் கீழுமாகப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, நன்றாக யோசித்துப் பார்த்த பார்வை. கற்பூரத்தைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினார்.

"எதுக்கு வீணா ஒடைக்கணும். மோர்க்கொழம்பு வெச்சிடறேன்" என்றார். "இவரப் பாத்து யாரு கண்ணு வெக்கப் போறாங்க."